செருப்பு பார்க்கும் திசை

எங்க ஊர்ல செருப்பு திரும்ப ஆரம்பிச்சது ஒரு ஆடி மாசம். ஆளையே தூக்கிட்டுப் போற காத்து அடிக்கிற மாசம்கிறதால முதல்ல எல்லாரும் காத்தைத்தான் ஏசுனாவ. வாசல்ல கழத்திப் போட்ட செருப்பு போட்ட மாதிரி கெடக்காம, ஆள் உள்ள போயி ஒரு செம்புத் தண்ணி குடிக்கிறதுக்குள்ள, குதிங்காலைத் தரையில தேச்சுக்கிட்டு, சோடியா, மெல்ல ஒரு பக்கமாத் திரும்பி நின்னுச்சு. காத்து அடிச்சா செருப்பு உருளும், சாக்கடையில விழும், சோடி பிரியும். இது அப்படியில்லாம ரெண்டும் சேந்து, ஒரே அளவுல, வேலை தெரிஞ்ச ஆள் மாதிரி திரும்புச்சு. ஆவணி வந்து காத்து நின்னு போச்சு, செருப்பு நிக்கல. அப்பதான் பூவாணிக்குளத்துல எல்லாருக்கும் வெளங்குச்சு, செருப்பு பாக்குறது அந்தச் செருப்புக்காரரோட மனசு பாக்குற எடத்தைன்னு.

ஏன் திரும்புச்சுன்னு என்கிட்ட கேக்காதீங்க. மழை ஏன் பேயுதுன்னு கேட்டுட்டா கொடையை விரிக்கீங்க? நான் தெக்குத் தெரு மூலையில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ஊர்ல எனக்கு ஜெராக்ஸ் அக்கான்னுதான் பேரு, வாய் கொஞ்சம் நீளம்னும் சொல்லுவாவ, சொல்லிட்டுப் போகட்டும். கடையில இருந்து பாத்தா தெருவுல இருக்கிற அத்தனை வாசலும் தெரியும், அதனால நான் பாத்ததைத்தான் சொல்லுதேன்.

முதல்ல ஊரே வாசல்லதான் நின்னுச்சு. கோயிலுக்கு உள்ள சாமி கும்புடப் போனவங்க செருப்பு அம்புட்டும் கோபுரத்தை விட்டுட்டு நாலா பக்கமும் பாத்து நின்னுச்சு, ஒண்ணு பஸ் ஸ்டாண்டை, ஒண்ணு ஆஸ்பத்திரியை, ஒண்ணு பக்கத்துல கெடந்த புதுச் செருப்பை. சர்ச்சு வாசல்லயும் அப்படித்தான், பள்ளிவாசல் வாசல்லயும் அப்படித்தான், மூணு எடத்துலயும் ஒரே லெச்சணமா இருந்ததால யாரும் யாரையும் சொல்லிக் காட்ட முடியாமப் போச்சு. சாவு வீட்டு வாசல்ல பாதிச் செருப்பு டீக்கடையைப் பாத்துச்சு. கல்யாண மண்டபத்துல தாலி கட்டி முடிஞ்ச ஒடனே வாசல்ல கெடந்த செருப்பெல்லாம் ஒண்ணாப் பந்தியைப் பாத்துத் திரும்புச்சு, பத்துப் பேரு சேந்து மொறத்துல அரிசி பொடைக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டா இன்னைக்கும் எனக்குப் பசிக்கும்.

பெறகு ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சாவ. கூடையைப் போட்டு மூடுனா கூடைக்குள்ள சொரண்டுற சத்தம் கேட்டு மனுசனை ஒக்கார விடல. சாக்குல போட்டுக் கட்டுனா சாக்கே திரும்புச்சு. ஒருத்தர் ஆணி அடிச்சு வச்சாரு, குதிங்கால் கிழிஞ்சதுதான் மிச்சம். வெறுங்காலோட நடந்தவங்களை, அப்படி என்னத்தை மறைக்கான்னு ஊரு கூடுதலாப் பேசுச்சு. வாசல்ல கழத்தும்போதே பிள்ளையாரைக் கெட்டியா நெனச்சுக்கோன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தாவ, ஆனா கெட்டியா நெனைக்கிற நெனப்பு எம்புட்டு நேரம் நிக்கும்? சட்டியில தண்ணி கொதிக்கிறதுக்குள்ள அது எங்கயாவது போயிரும், செருப்பும் பின்னாலயே போயிரும். நெனப்புன்னா எதையாவது பத்தினதுதான்னு எங்க ஊரு கண்டுபிடிச்சது அப்பதான். எதைப் பத்தியும் இல்லாத வெறும் நெனப்பை ஒருத்தராலயும் நெனைக்க முடியல, முயற்சி பண்ணிப் பாத்தவங்க செருப்பு கெடந்து சுத்துனதுதான் கண்ட பலன். ஒக்காந்தவங்க எந்திரிச்சாவ, எந்திரிச்சவங்க வாசலுக்குப் போனாவ, போயி அடுத்த வீட்டுச் செருப்பைப் பாத்துட்டு வந்து, திரும்பவும் ஒக்கார முடியாம எந்திரிச்சாவ. ஊரே கொசுக்கடி பட்ட மாதிரி ஆயிப்போச்சு.

செருப்பு எங்கன்னு காட்டுச்சே ஒழிய என்னன்னு காட்டல, அதுலதான் கேடு வந்தது. ஒரு பொண்ணைக் கட்டிக்க ஆசைப்படுறவன் செருப்பும் அவளைக் கரிச்சுக் கொட்டுறவன் செருப்பும் ஒண்ணு போலத்தான் நிக்கும். கவுன்சிலர் ஆறுமுகநயினார் வீட்டுக்கு அவரு மகளைப் பொண்ணு பாக்க வந்தாவ. பையன் நல்ல பையன், ஆனா கேசரி சாப்புட்டுக்கிட்டு இருக்கையில வாசல்ல அவன் செருப்பு வடக்க, அவன் ஊரைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டுது. யாருடே அங்கன்னு கவுன்சிலர் கேட்டாரு. வீட்டுல நாயைக் கட்டிப் போட்டுட்டு வந்துட்டேன் மாமா, கஞ்சி வச்சாவளோ இல்லியோன்னு நெனச்சேன்னு அவன் சொன்னான். யாரு நம்புவா? அந்த எடத்தையே வேண்டாம்னுட்டாரு. அவரு மக ஒரு வாரம் சோறு திங்கல. அதுல இருந்து, செருப்பு பொய் சொல்லாது, மனுசன்தான் பொய் சொல்லுவான்னு கவுன்சிலர் பாக்குற எடத்துல எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. சொல்லித்தான ஆகணும், பாவம்.

இன்னொண்ணும் நடந்துச்சு, அதை யாரும் கண்டுக்கிடல. தெருவுல ஒரு சின்னப் பிள்ளைக்குப் பேய்ப் பயம். பேய் கெணத்துல இருக்குன்னு அது அழும்போது அதோட குட்டிச் செருப்பு அச்சுப் பிசகாம கெணத்தைப் பாத்து நின்னுச்சு. எட்டிப் பாத்தாவ, கெணத்துல ஒண்ணுமில்ல. அடுத்தாப்ல பேய் வேப்பமரத்துக்குப் போயிருச்சுன்னு அது சொன்னப்ப செருப்பு வேப்பமரத்தைப் பாத்துச்சு. அங்கயும் ஒண்ணுமில்ல. இல்லாத ஒண்ணு எப்படி எடம் மாறும்னு யாராவது அன்னைக்கே நிதானமா யோசிச்சிருந்தா வடிவுக்கு அம்புட்டுப் பாடு வந்திருக்காது.

வடிவு என் கடைக்கு எதுத்த வளவுல, ஒரே சுவத்தை ஒட்டி வரிசையா நிக்கிற வாடகை வீடுகள்ல ஒண்ணுல இருந்தா. சங்கரவடிவுன்னு முழுப்பேரு, தையல் கம்பெனியில காலர் தைக்கிற வேலை, மூக்குக்கு மேல கோவம், மனசு தங்கம். அவ மாப்பிள்ளை நல்லசிவன் மினிபஸ்ல கண்டக்டர். பகல் பூரா உள்ள போ, உள்ள போன்னு கத்துன வாயை வீட்டுல தொறக்கவே மாட்டான். சாயந்தரம் வந்து செருப்பைக் கழத்திட்டு, பிளாஸ்டிக் நாக்காலியில ஒக்காந்து, எதுத்த சுவத்தைப் பாத்து லேசாச் சிரிச்சுக்கிட்டே இருப்பான். பிள்ளைகுட்டி இல்ல. ரெண்டு பேருக்கும் அதுல வருத்தம் இருந்துச்சு, அதைப் பத்திப் பேசிக்கிடாத அளவுக்கு வருத்தம். கல்யாணம் ஆயி எத்தனையோ வருசமா அந்தச் சிரிப்பை வடிவு பெருசா எடுத்துக்கிடல, மனுசன் அலுத்து வந்திருக்கான், சிரிச்சா சிரிக்கட்டும்னு விட்டுட்டா. செருப்பு திரும்ப ஆரம்பிச்ச பெறகுதான் கவனிச்சா, அவன் சிரிக்கிற நேரத்துல எல்லாம் அந்தத் தேஞ்சு போன தோல் செருப்பு வடமேக்கு மூலையைப் பாத்து நிக்குது.

அவ அதைக் காலால நேராக்கி, வீட்டைப் பாக்க வச்சுட்டு உள்ள போவா. ரசம் பொங்குறதுக்குள்ள அது பழைய மூலைக்கே போயிருக்கும். திரும்ப வந்து நேராக்குவா, உள்ள போவா, மனசு கேக்காம எட்டிப் பாப்பா, அது தரையைத் தேச்சுக்கிட்டு நகந்துக்கிட்டு இருக்கும். நான் கடையில இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன், எனக்கே இருப்புக் கொள்ளாது. என்ன நெனைக்கீங்கன்னு அவ கேப்பா. ஒண்ணுமில்லன்னு அவன் சொல்லுவான். ஒண்ணுமில்லாததுக்கா செருப்பு திரும்புதுன்னு அவ கேப்பா. அவன் மறுபடியும் சுவத்தைப் பாப்பான். தெனமும் இதே பேச்சு, இதே மூலை, இதே சிரிப்பு. அவ மெலிஞ்சா, காலரைக் கோணலாத் தச்சு கம்பெனியில ஏச்சு வாங்குனா, பாதி ராத்திரியில எந்திரிச்சுப் போயி செருப்பைத் தொட்டுப் பாக்கேன்க்கான்னு என்கிட்ட சொன்னா.

ஒரு நாள் கடைக்கு வந்து, பார்சல் கட்டுற சணலைக் குடுங்க, நூல் பிடிச்சுப் பாக்கப் போறேன்னா. மொகத்தைப் பாத்தேன், வெளையாட்டு இல்ல.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த மனுசன் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்க்கா. தெரியலைன்னா நாலு மணி பஸ்ஸுல தென்காசிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். போனா வரமாட்டேன்."

அவ வரமாட்டான்னு எனக்குத் தெரியும். சொன்னதைச் செய்யுற சாதி அவ. நான் நல்லசிவனைத் தனியாக் கூப்புட்டு, ஏலே, வாயைத் தொறந்து சொன்னா என்ன கொறைஞ்சு போவ, ஒரு குடும்பம் பிரியப் போகுதேன்னு கேட்டேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சொன்னா அது ஒண்ணுமில்லாமப் போயிரும்க்கா"ன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு, போடா கிறுக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

வடிவு அவன் செருப்பு நுனியில சணலைக் கட்டி, செருப்பு பாக்குற பக்கமா இழுத்துக்கிட்டே நடந்தா. சணல் முதல்ல என் கடையை வெட்டுச்சு. அவ என்னைத் தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பாத்தா பாருங்க. ஏட்டி, அவன் எனக்குத் தம்பி மாதிரி, அதுவும் போக எனக்குக் கண்டக்டருகளைக் கண்டாலே ஆகாதுன்னு சத்தம் போட்டுத்தான் அவளை மேல நடக்க வச்சேன். அடுத்து பிள்ளையார் கோயில், அதுக்கடுத்து பிலோமினா டீச்சர் வீடு. அங்க சணல் தீந்து போச்சு, ஊரும் அங்கயே நின்னுக்கிட்டுது. டீச்சர் பொம்பளப் பிள்ளைக ஸ்கூல்ல கணக்கு எடுக்காவ, கல்யாணம் பண்ணிக்கிடல, தனியா இருக்காவ, காலையில அந்த மினிபஸ்லதான் போறாவ. போதாதா? சாயந்தரத்துக்குள்ள தெரு முழுக்க ஒரே பேச்சு. டீச்சர் பஸ்ல எந்த ஓரத்துல ஒக்காருவாவங்கிற வரைக்கும் சொல்லுறதுக்கு ஆள் இருந்துச்சு.

டீச்சர் அழல, ஒளியல. கையில சாக்பீஸ் தூளோட அப்படியே வளவுக்கு வந்து வடிவு முன்னால நின்னாவ. வடிவு மொகத்தைத் திருப்பிக்கிட்டா.

"ஒரு கோடு போட்டா அதுல ஊர்ல பாதி நிக்கும். அது என் வீட்டுல முடியுதுன்னு நீங்களா முடிவு பண்ணக்கூடாது. வேற எடத்துல அவரைச் செருப்பைக் கழத்தச் சொல்லி இன்னொரு கோடு போடுங்க. ரெண்டும் எங்க வெட்டுதோ அங்க போயிப் பாருங்க. அங்க நான் நின்னா என்னைக் கேளுங்க" அப்படின்னு சொல்லிட்டு, வந்த மாதிரியே போயிட்டாவ.

அப்படித்தான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் நல்லசிவனை கவுன்சிலர் வீட்டுக்குக் காப்பி குடிக்கக் கூட்டிட்டுப் போனாவ. போகச் சொன்னது வடிவு, அவ சொன்னா அவன் மறுபேச்சு பேசமாட்டான். செருப்பைக் கழத்திட்டு உள்ள போயி ஒக்காந்தான். வாசல்ல ஊரே குனிஞ்சு நின்னுச்சு. செருப்பு திரும்பல, எங்களையே பாத்து நின்னுச்சு. பின்ன, இம்புட்டுப் பேரு வாசலை அடைச்சுக்கிட்டு மொறைச்சா அவன் எங்களைத்தான நெனைப்பான். எல்லாரும் தள்ளிப் போனாவ. பெறகு செருப்பு கவுன்சிலரைப் பாத்துச்சு, பெறகு காப்பியைப் பாத்துச்சு. அப்பதான் கவுன்சிலர் எங்க வார்டுக்கு வரப் போற சாக்கடைத் திட்டத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு. கொஞ்ச நேரத்துல நல்லசிவன் மொகத்துல அந்தச் சிரிப்பு வந்துச்சு, வாசல்ல செருப்பு சர்ருன்னு தேச்சுக்கிட்டுத் திரும்பி நின்னுச்சு.

சணலைப் பிடிச்சாவ. முதல் கோட்டுக்கும் கூடுதலா சணல் கட்டி நீட்டுனாவ. ரெண்டும் டீச்சர் வீட்டைத் தாண்டி, பஞ்சாலைக்குப் பின்னால, பஸ் ஸ்டாண்டுக்குப் போற பாதையோரம் கெடக்கிற பொட்டல்ல வெட்டிக்கிட்டுது. ரெண்டு பங்காளிக கோர்ட்டுல இழுத்துக்கிட்டுக் கெடக்கிற எடம், யாரும் வாங்கவும் முடியாது விக்கவும் முடியாது. கருவேலம் மொளைச்சுக் கெடக்கும், ஆடு மேயும், அம்புட்டுதான். போயிப் பாத்தோம். கோடு வெட்டுற எடத்துல வீடு இல்ல, ஆள் இல்ல, ஒரு கல்லு கூட இல்ல.

ஒருத்தி அங்க நின்னிருந்தா கூட ஊரு நிம்மதியாப் போயிருக்கும். ஒண்ணுமில்லன்னதும்தான் எல்லாருக்கும் பொறுக்கல. இல்லாத ஒண்ணையா ஒரு மனுசன் தெனமும் ஒக்காந்து நெனைப்பான், சிரிப்பான்? அப்ப மண்ணுக்கு அடியில இருக்குன்னாவ. செலைன்னான் ஒருத்தன். பொணம்னான் ஒருத்தன், சொன்ன ஒடனே, பால் ஊத்துற காந்தாரியை ரொம்ப நாளாக் காங்கலியேன்னு ஒருத்திக்கு ஞாவகம் வந்துச்சு. காந்தாரி மக பிரசவத்துக்கு சூரத்துக்குப் போயிருக்கான்னு நான் சொன்னேன். யாரு கேக்கா? கவுன்சிலருக்கு வேத்துக் கொட்டுச்சு. இங்க ஒண்ணும் இல்லன்னா செருப்பு பாக்குற எடத்துல ஒண்ணும் இருக்கணும்னு இல்ல, அப்படின்னா அந்தப் பையன் ஊர்லயும் ஒருத்தி இருக்கணும்னு இல்ல, அவன் சொன்ன நாய் நெசம், அவரு மக பட்டினி கெடந்தது வீண். அவருக்கு அங்க என்னவாவது இருந்தாகணும். மம்பட்டி கொண்டாங்கடே, தோண்டுங்கன்னாரு. பொணமா இருந்தா போலீசுக்கும் சொல்லியாகணும்னு பின்னால ஒருத்தன் போனை எடுத்தான்.

நல்லசிவன் செருப்பைப் பாதையோரம் கழத்திப் போட்டுட்டு ஓரமா நின்னுக்கிட்டு இருந்தான், மொகம் வெளிறிப் போயி. வடிவு பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா, துணி திணிச்சு வாய் மூடாத பெட்டி, கயித்தால கட்டியிருந்தா. பஸ்ஸுக்கு நேரம் ஆகிக்கிட்டு இருந்துச்சு. பாதையில நின்னு தோண்டுறதைப் பாத்தா. அவ செருப்பு இப்பக் காலோடதான் இருந்துச்சு, ஆனா இத்தனை நாளும் நான் கடையில இருந்து பாத்ததை அன்னைக்குத்தான் நெனச்சுக்கிட்டேன். எல்லாரும் அவன் செருப்பையே பாத்தோம், அவ செருப்பை ஒருத்தரும் கண்டுக்கிடல. வாசல்ல அது எப்பவும் அவன் செருப்பைப் பாத்துத்தான் நிக்கும்.

பாதையோரமா ஒரு குழி தோண்டுனாவ. ஒண்ணுமில்ல. நல்லசிவன் மம்பட்டியையே பாத்துக்கிட்டு நின்னான். கொஞ்சம் உள்ள தள்ளி இன்னொண்ணு தோண்டுனாவ, ஓட்டாஞ்சல்லி வந்துச்சு. அவன் கண்ணை மூடிக்கிட்டான். அடுத்து, கருவேலத்தை வெட்டித் தள்ளிட்டு, மேக்க தள்ளி நாலு பேரு மம்பட்டியை ஓங்குனாவ. அப்ப அவன் ஓடிப்போயி மம்பட்டிக் காம்பைப் பிடிச்சுக்கிட்டான்.

"அங்க தோண்டாதீங்க. அது அடுப்பங்கரை."

எல்லாரும் அவனைப் பாத்தாவ, மண்ணைப் பாத்தாவ. மம்பட்டி பிடிச்சவன் அறியாம ஒரு எட்டு பின்னால வச்சான். வடிவு பெட்டியோட பொட்டலுக்குள்ள வந்தா. எந்த அடுப்பங்கரைன்னு அவ கேக்கல. கேக்காததைப் பாத்துத்தான் அவளுக்கு என்னமோ ஞாவகம் வந்துருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு.

பெறகு அவளே எனக்குச் சொன்னா. கல்யாணம் ஆயி வந்த புதுசுல ஒரு சாயந்தரம் ரெண்டு பேரும் இந்தப் பக்கமா நடந்து வந்திருக்காவ. அவ ஒரு குச்சியை எடுத்து, இது நம்ம வீடுன்னு மண்ணுல கோடு கிழிச்சிருக்கா, இது வாசல், இது நாலு பேரு வந்தா ஒக்கார பட்டாசல், இது சாமான் வைக்க அரங்கு, இது அடுப்பங்கரை, இங்க ஒரு ஜன்னல், காலையில வெளிச்சம் வரணும்னு. அன்னைக்கு ராத்திரியே மழை பேஞ்சு கோடு அழிஞ்சு போச்சு. அடுத்த வருசம் வயித்துல இருந்த பிள்ளை தங்காமப் போச்சு, பெறகு தையல் கம்பெனி, பெறகு வாடகை, அவளுக்கு அந்த வீடு சுத்தமா மறந்தே போச்சு. அவனுக்கு மறக்கல. அவ கிழிச்ச கோட்டு மேல அவன் சுவர் எழுப்பிட்டான். தெனமும் வேலை முடிஞ்சு வந்து பிளாஸ்டிக் நாக்காலியில ஒக்காந்தா அங்க போயி ஏதாவது ஒரு வேலை பாத்துட்டு வருவான். அங்கயும் ஒரு வடிவு உண்டு, அவ சிரிப்பாளாம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"ன்னு பொட்டல்ல நின்னு வடிவு அவன்கிட்ட கேட்டா. 

"வாங்க முடியாத எடம். சொன்னா நீ எந்த வீடுன்னு கேப்ப. நீ மறந்துட்டன்னு எனக்குத் தெரிஞ்சு போகும். அதுக்குப் பயந்துதான்"ன்னான். ஊரு முன்னால அவன் அம்புட்டுப் பேசி நான் பாத்ததே இல்ல. பெறகு அவ காலைப் பாத்துக்கிட்டே சொன்னான். "ஒனக்கு முட்டு வலி வந்ததுல இருந்து மச்சுப் படியை எடுத்துட்டேன். ஏற வேண்டியதில்ல."

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எவன் பாத்தா என்ன, முந்தானையை எடுத்துத் தொடச்சுக்கிட்டேன். வடிவுக்கும் அழுகைதான் வந்திருக்கணும், ஆனா அவளுக்கு எது வந்தாலும் கோவமாத்தான் வெளிய வரும்.

"படியை எடுத்துட்டா வத்தலை எங்க கொண்டு போயிக் காயப் போட?"

புறவாசல்ல போடலாம்னான் அவன். புறவாசல்ல கெணறு இருக்குல்லான்னா அவ. கெணறு வாசப் பக்கம்லா இருக்குன்னான் அவன். நான் எப்பய்யா வாசப் பக்கம் கெணறு சொன்னேன், வீட்டுக்கு முன்னால எவளாவது கெணறு வெட்டுவாளான்னு அவ கேட்டா. இத்தனை வருசம் ரெண்டு பேரும் ஒரே வீட்டைத்தான் கட்டுனாவளா, இல்ல எடம் மட்டும்தான் ஒண்ணான்னு எனக்குச் சந்தேகம் வந்துச்சு. சுத்தி நின்ன ஊரு காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டுச்சு. கெணறு பின்னாலதான் இருக்கணும்னு பொம்பளைக அம்புட்டுப் பேரும் வடிவு பக்கம் சேந்துக்கிட்டாவ. கூட்டத்தோட வந்திருந்த டீச்சர் கூட, ஈசானிய மூலையில வச்சா ரெண்டு பேரு சொல்லுக்கும் சரியா வரும்னு கையை நீட்டிக் காட்டுனாவ. போனை எடுத்தவன் பைக்குள்ள போட்டுக்கிட்டான்.

தூரத்துல நாலு மணி பஸ் ஆரன் அடிச்சுச்சு. எல்லாரும் பேச்சை நிறுத்திட்டு வடிவைப் பாத்தாவ. நல்லசிவனும் பாத்தான். ரெண்டாவது தடவை ஆரன் அடிச்சுச்சு. அவ பெட்டியை ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்திக்கிட்டா.

"பெட்டியை எங்க வைக்க?"

அவன் கையை நீட்டி, கருவேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மண்மேட்டைக் காட்டி, அரங்குலன்னான். அவ ரெண்டு எட்டு வச்சா. பெறகு என்னத்தையோ நெனச்சுக்கிட்ட மாதிரி நின்னு, வந்த வழியே திரும்பி பாதையோரம் வரைக்கும் போனா, அங்க வாசப்படி இருக்க வேண்டிய எடத்துல செருப்பைக் கழத்தி வச்சா, காலைத் தூக்கி நெலைப்படியைத் தாண்டுற மாதிரி தாண்டி உள்ள வந்தா. வந்து, எங்க எல்லாரையும் ஒரு பார்வை பாத்தா. மம்பட்டியோட நின்னவங்க, கவுன்சிலர், நான், டீச்சர், அத்தனை பேரையும்.

"செருப்புக் காலோட அடுப்பங்கரையில நிக்கீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

எங்களுக்கு வெக்கமாப் போச்சு. மடமடன்னு எல்லாரும் பாதைக்கு ஓடினோம். தோண்டுனவனுக குழியை அவசர அவசரமா மூடிட்டு வந்தானுக. செருப்பைக் கழத்தினோம், நல்லசிவன் செருப்பும் வடிவு செருப்பும் கெடந்த வரிசையிலயே. கவுன்சிலரும் கழத்தினாரு, அவரு செருப்பு ஒரு நிமிசம் வடக்க, அந்தப் பையன் ஊரைப் பாத்து நின்னுச்சு. அதை அவரும் பாத்தாரு, நானும் பாத்தேன். நாளைக்கு ஒரு போன் போடணும்னு அவரு தனக்குள்ள சொல்லிக்கிட்டாரு.

அப்புறம் ஒருத்தர் பின்னால ஒருத்தரா உள்ள போனோம். மண்ணு சுட்டுச்சு, கருவேல முள்ளு ஒவ்வொரு எட்டுக்கும் ஏறுச்சு. வடிவு பட்டாசல்ல எங்களை ஒக்காரச் சொல்லிட்டு, காப்பி போட இன்னும் அடுப்பு வைக்கலைன்னு சங்கடப்பட்டா. வெளிய, எங்க முதுகுக்குப் பின்னால, அத்தனை செருப்பும் சேந்து திரும்புற சத்தம் கேட்டுச்சு. எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்க ஒருத்தருக்கும் தோணல. கால்ல முள்ளைப் பிடுங்கிக்கிட்டு, கெணத்தைப் பத்திப் பேசிக்கிட்டு, இருட்டுற வரைக்கும் அங்கயே ஒக்காந்திருந்தோம்.